வண்டிக்குப் பின்னால் கட்டையோடு நிற்பவர்

நான் ரிடையர் ஆகிவிட்டேன். வயது இருபத்தேழு. தருமபுரி பைபாஸில் ஒரு பிக்கப் ஒர்க்‌ஷாப்பில் நாலு வருஷம் சர்வீஸ் அட்வைசராக உட்கார்ந்துவிட்டு எழுந்தவனுக்கு அப்படிச் சொல்லிக்கொள்ள முழுத் தகுதி உண்டு என்பது என் அபிப்பிராயம். அடுத்த மாதம் ஓசூரில் வேறு வேலை. என் சீட்டுக்கும் பக்கத்துச் சீட்டுகளுக்கும் புதிதாக மூன்று பேர் வந்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். மூன்று பேரும் மெக்கானிக்கல். ட்ரெய்னிங்கில் வழவழப்பான அட்டை போட்ட புத்தகம் கொடுத்திருப்பார்கள். கஸ்டமர் வந்தால் எத்தனை செகண்டில் எழுந்து நிற்க வேண்டும், தண்ணீர் பாட்டிலை எந்தக் கையால் நீட்ட வேண்டும், எல்லாம் அதில் இருக்கும். படித்துக்கொள்ளுங்கள். நான் அதைப் பற்றிப் பேச வரவில்லை.

உங்கள் கம்ப்யூட்டரில் ஜாப் கார்டு திறந்தால், கம்ப்ளெயின்டுக்குக் காரணம் என்று ஒரு கட்டம் வரும். அதைத் தட்டினால் ஒரு பட்டியல் விழும். அதில் ‘ஓட்டுநர் பழக்கம்’ என்று ஒன்று இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் கார்டு உடனே க்ளோஸ் ஆகும். பெண்டிங் லிஸ்டில் ஒன்று குறையும். மேனேஜர் முகம் மலரும். நாலு வருஷத்தில் நான் அதை எத்தனை தடவை தட்டினேன் என்று எனக்கே தெரியாது. தெரியாது என்பதுதான் அசிங்கம். அதில் ஒரு தடவை என்ன ஆனது என்பது மட்டும் நன்றாகத் தெரியும். அதைச் சொல்கிறேன்.

மாரண்டஹள்ளிக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர். ஊர் பள்ளத்துக்குள் இருக்கிறது. சுற்றிலும் தக்காளி. விளைந்ததை வெளியே கொண்டுவர ஒரே வழி, பஞ்சாயத்து போட்ட கான்கிரீட் ரோடு. சும்மா நடந்து ஏறினாலே தொடை வலிக்கும். ஏறி முடிக்கும் இடத்தில் பஸ் ரோடு குறுக்கே போகிறது, அதுவும் வளைவில். பஸ் வருகிறதா என்று பார்க்காமல் ஏறினால் கதை முடிந்தது. அதனால் மேட்டின் தலையில், முழு லோடோடு, ஒவ்வொரு வண்டியும் நின்றே ஆக வேண்டும்.

அந்தப் பக்கத்தில் லோடு ஏற்றிய பிக்கப் எதுவும் டிரைவர் மட்டும் போட்டு ஓடாது. பின்னால் தக்காளி கிரேட்டுகளுக்கும் கதவுக்கும் நடுவே ஓர் ஆள் ஒரு கட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பிரேக் லைட் எரிந்ததும் குதித்து, பின்வீலுக்கு அடியில் கட்டையைச் சொருக வேண்டும். வண்டி கிளம்பியதும் கட்டையை உருவிக்கொண்டு ஓடிவந்து ஏற வேண்டும். இது ஒரு வேலை. இதற்குச் சம்பளம் கிடையாது, ஏனென்றால் பெரும்பாலும் வீட்டு ஆள்தான். கம்பெனி விளம்பரத்தில் அந்த வண்டி மலை உச்சியில் சூரியனைப் பார்த்து நிற்கும். பின்னால் கட்டையோடு நிற்கிறவரை விளம்பரத்தில் காட்ட மாட்டார்கள்.

ஆரோக்கியராஜ் அண்ணன் வண்டிக்குக் கட்டை போட்டது அவர் மனைவி செல்வராணி அக்கா.

இரண்டு பேரும் ஒரு திங்கட்கிழமை காலையில் வந்தார்கள். என் முன்னால் ஏற்கெனவே ஐந்து பேர். அண்ணனுக்கு நாற்பதைத் தாண்டியிருக்கும். அதிகம் பேசுகிற ஆள் இல்லை.

“ஏத்தத்துல நிறுத்துனா பின்னாடி உருளுதுங்க சார்.”

“ஹேண்ட்பிரேக் போடறீங்களாண்ணா?”

“போடறங்க.”

“ஹாஃப் கிளட்ச்ல புடிக்கிறீங்களா?”

“புடிக்கிறங்க.”

பக்கத்தில் நின்ற அக்கா மேசை மேல் கையை ஊன்றினாங்க. “சார், அவரு பிரேக்க மிதிச்சிக்கிட்டுதான் இருக்காரு. முன்வீல் சுத்தல. அது அப்படியே நின்னு தேச்சிக்கிட்டு வருது. பின்வீல்தான் சுத்துது. நான் கீழ நின்னு பாக்கறன்ல.”

“வண்டி ஓட்றது யாருங்கக்கா?”

“அவருதான்.”

“அப்ப அவரு சொல்லட்டும்.”

இதைச் சொன்னது நான்தான். வேறு யாராவது சொல்லியிருந்தால் இப்போது எழுத வசதியாக இருந்திருக்கும்.

டெக்னீஷியனை விட்டு டெஸ்ட் டிரைவ் எடுக்கச் சொன்னேன். நம் டெஸ்ட் டிரைவ் எங்கே நடக்கும் என்று உங்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். பைபாஸ் சர்வீஸ் ரோடு. கேரம்போர்டு மாதிரி சமதளம். வண்டி காலி. அவன் போய்விட்டு வந்து, “கல்லு மாதிரி நிக்குதுண்ணா” என்றான். ஹேண்ட்பிரேக் கேபிளை ஒரு சுற்று இறுக்கினோம். நான் கட்டத்தைத் தட்டினேன். ஓட்டுநர் பழக்கம். க்ளோஸ். அக்கா சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட டைப் செய்யவில்லை. டைப் செய்ய இடம் இருந்தது. இருநூறு எழுத்துக்கு இடம் இருந்தது.

மூன்று வாரம் கழித்து மறுபடி வந்தார்கள். இந்தத் தடவை அண்ணன் மட்டும் இறங்கினார். அக்கா கேபினிலேயே இருந்தாங்க. இடது பாதத்தில் பெரிய கட்டு.

“என்னாச்சுக்கா?”

“கட்டை நழுவிடுச்சுங்க. டயரு வெரலு மேல ஏறிடுச்சு.”

நியாயமாக அந்த இடத்தில் எனக்கு எல்லாம் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. மாதக் கடைசி. அன்றைக்கு பெண்டிங் லிஸ்ட் அனுமார் வால் மாதிரி நீண்டு கிடந்தது, மேனேஜர் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை வந்து என் ஸ்கிரீனை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா. நம் வாட்டர் சர்வீஸ் ஷெட்டுக்கு ஏறுகிற சின்ன சரிவு இருக்கிறதே, அதில் காலி வண்டியை நிறுத்தி, அண்ணனை எனக்கும் அக்காவுக்கும் நடுவே உட்காரவைத்து, ஏத்தத்தில் வண்டியை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று பாடம் எடுத்தேன். சுற்றி அஞ்சாறு மெக்கானிக்குகள்.

“அண்ணே, லைசென்சு எந்த ஊர்ல வாங்குனீங்க?” என்று ஒருத்தன் கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள்.

அண்ணன் ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே சொன்னார். “மெட்ராசுக்கும் பெங்களூருக்கும் பத்து வருசம் தக்காளி லாரி ஓட்னங்க.”

அதற்கும் சிரித்தார்கள். நானும்.

நான் இறங்கும்போது அக்கா கேபின் கதவைத் திறந்து, கட்டுப் போட்ட காலை வெளியே தொங்கவிட்டிருந்தாங்க. “வண்டிய இங்க ஏத்திக் காட்றதெல்லாம் வேணாங்க சார். எங்கூருக்கு வாங்க. லோடு வெச்சித் தர்றன். என் எடத்துல நீங்க நில்லுங்க.”

மேனேஜர் பின்னாலேயே நின்றிருக்கிறார். “நம்ம வேலை இங்கம்மா. அங்க வந்து நிக்கறதெல்லாம் எங்க வேலை கிடையாது” என்றார், சிரித்த முகத்தோடு. ‘ஓட்டுநருக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது’ என்று நான் டைப் செய்தேன். அதற்கும் இருநூறு எழுத்து இடம் தேவைப்படவில்லை.

ஒரு வண்டி வெளியே போய் ஐந்து நாளில் ஹெட் ஆபீசிலிருந்து கஸ்டமருக்கு போன் வரும், பத்துக்கு எத்தனை மார்க் போடுவீர்கள் என்று. அதற்கு முந்தின நாளே நாம் போன் போட்டு, ‘அண்ணா, பத்துன்னு சொல்லிடுங்க, இல்லன்னா என் வேலை போயிடும்’ என்று கெஞ்ச வேண்டும். உங்களுக்கும் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நான் போட்டேன். எடுத்தது அக்கா.

“பத்து சொல்லணுமா சார்? சொல்லிடறன். ஆனா ஆஸ்பத்திரில இருக்கங்க. புண்ணு ஆறல. சுண்டு வெரல எடுத்துட்டாங்க. கூப்புட்டாங்கன்னா அவருகிட்டதான் போனு இருக்கும், நான் அவருக்குச் சொல்லி வெக்கிறன், பத்துன்னு.”

கிண்டல் இல்லை. குத்தல் இல்லை. நிஜமாகவே எனக்கு உதவி செய்கிற குரல். அதுதான் தாங்க முடியவில்லை. போனை வைத்துவிட்டு பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவினேன். திரும்பி வந்து அடுத்த கஸ்டமருக்கும் போன் போட்டேன். அதையும் சொல்லிவிடுகிறேன், நான் அப்படி ஒன்றும் உத்தமன் இல்லை.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, வயிற்றுவலி என்று லீவ் சொல்லிவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு அந்த ஊருக்குப் போனேன். அக்கா வீட்டுக்கு வந்திருந்தாங்க. அண்ணன் தோட்டத்து ஓரமாக லோடு ஏற்றிக்கொண்டிருந்தார். அக்கா படுத்ததிலிருந்து தினமும் யாராவது ஒருத்தர், பக்கத்துத் தோட்டத்துக்காரர், மச்சான், யார் கிடைக்கிறார்களோ அவர்கள் கட்டை போடுகிறார்கள். அன்றைக்கு நான் போடுகிறேன் என்றேன். அண்ணன் வேண்டாம் என்றுதான் சொன்னார். அக்கா செருப்பு போட முடியாத காலில் பழைய துணியைச் சுற்றிக்கொண்டு, என் பைக்கில் ஏறி மேட்டின் தலை வரைக்கும் வந்து, அங்கே இறங்கி ஓரமாக ஒரு பாறையில் உட்கார்ந்தாங்க.

“தம்பி, டயருக்கு நேரா நிக்காதீங்க. பக்கவாட்டுல நில்லுங்க. கட்டையத் தள்றப்ப கைய மேல வெச்சிப் புடிங்க, அடில குடுக்காதீங்க. நழுவுச்சின்னா உட்டுட்டு ஓடிடுங்க. நான் உடல, அதான் இப்படி ஆச்சி.”

அதுவரைக்கும் சார் என்று கூப்பிட்டவங்க அங்கே தம்பி என்றாங்க. அந்த மேட்டில் நான் யாருக்கும் சார் இல்லை.

நான் திரும்பிப் போய் வண்டியின் பின்னால் கட்டையோடு உட்கார்ந்ததும் வண்டி ஏறியது. மேட்டின் தலையில் ஹாரன் சத்தம், பஸ் வருகிறது. அண்ணன் நிறுத்தினார். பிரேக் லைட் எரிந்தது. நான் குதித்தேன். முந்தின நாள் மழையில் அடித்துவந்த செம்மண் கான்கிரீட் மேல் பவுடர் மாதிரி கிடந்தது. ஒரு செகண்ட் வண்டி நின்றது. அப்புறம் மெதுவாக, அவசரமே இல்லாமல், என்னைப் பார்த்து வந்தது.

பஸ் பாஸ் பண்ணுகிற அந்தச் சில செகண்டில் நான் பார்த்ததை இன்றைக்கும் படம் போட்டுக் காட்டுவேன். பிரேக் லைட் சிவப்பாக எரிந்துகொண்டே இருக்கிறது. அதாவது அண்ணன் பெடலை மிதித்தபடிதான் இருக்கிறார். முன்வீல் அசையவே இல்லை, பூட்டுப் போட்ட மாதிரி நின்றபடி செம்மண்ணில் கோடு இழுத்துக்கொண்டு வருகிறது. பின்வீல் சுற்றுகிறது. என் முழங்காலுக்கு ஒரு அடி தூரத்தில், அதன் பட்டன் பட்டனான ரப்பர் ஒவ்வொன்றாக மேலே ஏறி வருகிறது. இரண்டு டன் தக்காளி என் தலைக்கு மேல். நான் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, டயருக்கு நேராக, சிலை மாதிரி நின்றேன்.

“ஓரமா வா. ஓரமா வந்து தள்ளு.”

அக்கா பாறையிலிருந்து எழுந்துவிட்டாங்க. அந்தக் குரலில் நான் பக்கவாட்டில் விழுந்து, கட்டையை இரண்டு கையாலும் தள்ளினேன். டயர் அதன் மேல் பாதி ஏறி, யோசித்து, நின்றது. பஸ் போய்விட்டது. அண்ணன் கியரைப் போட்டு மேலே ஏற்றி, ரோட்டு ஓரமாக நிறுத்திவிட்டு ஓடிவந்தார்.

“கைல ஏதும் படலைங்களே?”

படவில்லை. முதல் நாளே மேசையில் கை ஊன்றி ஒரு மனுஷி சொன்னது அத்தனையும், ஒரு எழுத்து மாறாமல், என் கண் முன்னால் நடந்து முடிந்திருந்தது. முன்வீல் நிற்கிறது, பின்வீல் சுற்றுகிறது. நாலு வருஷம் இன்ஜினியரிங் படித்த எனக்கு அந்த ஒரு வாக்கியம் போதும். டிரைவருக்குக் கண்ணாடியில் தெரியாதது, காலி வண்டியில் தெரியாதது, சமதளத்தில் தெரியாதது எல்லாம் அதில் இருந்தது. பின் பிரேக்குக்கு பிரஷர் போகவில்லை. ஏத்தத்தில் வெயிட் முழுக்கப் பின்னால். முன்வீல் மட்டும் பிடித்து என்ன பண்ணும், அவ்வளவு லோடை ஹேண்ட்பிரேக்கும் தாங்காது.

லோடை இறக்காமலே வண்டிக்கு அடியில் படுத்தேன். உங்களுக்குத் தெரிந்த சமாச்சாரம்தான், சுருக்கமாகச் சொல்கிறேன். பின் ஆக்சிலிலிருந்து ஒரு ராடு மேலே போகும். லோடு ஏறி பாடி தாழ்ந்தால் அது வால்வைத் தள்ளும், பின் பிரேக்குக்கு அதிகம் பிரஷர் போகும். பாடி தாழவில்லை என்றால் வண்டி காலி என்று வால்வு நினைத்துக்கொள்ளும். இந்த வண்டியின் பாடி தாழவே இல்லை. பின் ஸ்பிரிங்கில் கம்பெனி கொடுத்ததற்கு மேல் புதிதாக இரண்டு இரும்புப் பட்டை பளபளவென்று ஏறியிருந்தது. ராடை வேறு ஒரு கம்பியால் இழுத்துக் கட்டியிருந்தார்கள். முழு லோடோடு மேடு ஏறுகிற வண்டி, தன்னைக் காலி வண்டி என்று நம்பிக்கொண்டு ஏறியிருக்கிறது.

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே. வெளியே வந்து, மண்ணைக்கூடத் தட்டாமல் கத்தினேன். “யாருண்ணா இத ஏத்தச் சொன்னது? கொஞ்சமாவது யோசிக்க வேணாமா? ஒரு ஆள் உயிரு சம்பந்தப்பட்டது இல்லையா?”

அண்ணன் அக்காவைப் பார்த்தார். அக்கா தரையைப் பார்த்தாங்க. ஏதோ நான் சங்கடப்படக் கூடாது என்று இரண்டு பேரும் யோசிக்கிற மாதிரி இருந்தது. கடைசியில் அண்ணன்தான் சொன்னார்.

“நீங்கதாங்க சார். மொத சர்வீசுக்கு வந்தப்ப. லோடு வெச்சா பின்னாடி ஒக்காந்துக்குதுன்னு சொன்னன். ரெண்டு பட்டை ஏத்திக்கங்கண்ணா, எல்லாரும் அதான் பண்றாங்கன்னு சொன்னீங்க. பாலக்கோடு ரோட்டுக் கடைய நீங்கதான் காட்னீங்க.”

எனக்கு ஞாபகமே இல்லை. ஆனால் பொய் இல்லை என்று தெரியும். ஏனென்றால் அதை நான் எல்லாருக்கும் சொல்வேன். நம் ஒர்க்‌ஷாப்பில் எல்லாரும் எல்லாருக்கும் சொல்வோம். குட்மார்னிங் மாதிரி.

திரும்பும் வழியில் அந்தப் பட்டைக் கடைக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன், ஒத்துக்கொள்கிறேன். என் கோபத்தை எங்கேயாவது இறக்க வேண்டியிருந்தது. கடைக்காரருக்கு என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். சுத்தியலைக் கீழே வைக்காமலே கேட்டுக்கொண்டார்.

“எந்த ராடு? அதா. பட்டை ஏத்துனா அது லொட லொடன்னு அடிக்குங்க. சத்தம் வருதுன்னு திரும்ப வருவாங்க. அதான் கம்பி போட்டுக் கட்டி உடறன்.”

“அது பிரேக்குக்குங்க.”

சுத்தியல் கீழே போனது. “பிரேக்குக்கா?”

“ஆமா.”

“யோவ், அஞ்சு வருசமா கட்றன். உங்க ஷோரூம்ல பூசை போட்டு எலுமிச்சம்பழம் நசுக்குவீங்கல்ல, அந்த ஈரம் டயர்ல காயறதுக்குள்ள வண்டி இங்க வந்து நிக்குது. அனுப்பி உடறது நீங்க. அஞ்சு வருசத்துல உங்காளு ஒருத்தனாவது வந்து, இத மட்டும் கட்டாதன்னு சொன்னீங்களாய்யா? நான் எட்டாவதுங்க. நீ என்ன படிச்சிருக்க?”

பைக்கை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அவர் பின்னால் கத்திக்கொண்டே இருந்தார், எத்தனை வண்டி, எத்தனை வண்டி என்று.

மறுநாள் அண்ணனை வண்டியோடு வரச்சொல்லிவிட்டு, மேனேஜர் முன்னால் போய் நின்றேன். முழுக்கச் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை என்று உங்களிடம் யாராவது சொல்வார்கள். உண்மைதான், கெட்டவர் இல்லை. பொறுமையாகக் கேட்டார். அப்புறம் என் கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பி, அந்தப் பட்டியலைத் திறந்தார்.

“இங்க பாரு. ‘கஸ்டமர் மாடிஃபிகேஷன்’. ஓட்டுநர் பழக்கத்த எடுத்துட்டு இதப் போட்டுட்டா முடிஞ்சுது. அவங்களா பட்டை ஏத்துனாங்க, அவங்களா மாட்னாங்க. நமக்கு ஒண்ணும் இல்ல.”

“அவங்களா ஏத்தல சார். நான்தான் ஏத்தச் சொன்னன்.”

“எழுத்துல இருக்கா?”

“இல்ல சார்.”

“அப்ப நீ சொல்லல.”

புதுசாக வந்தவர்களே, இந்த மூன்று வார்த்தையைக் கவனமாகக் கேளுங்கள். நாலு வருஷத்தில் நான் கேட்டதிலேயே பயங்கரமான வார்த்தை அதுதான். அதட்டலாக வரவில்லை. தோளில் கை போட்டு, உன் நல்லதுக்குத்தான் என்கிற மாதிரி வந்தது. கவுண்டரில் நாலு பேர் காத்திருந்தார்கள். ஒருத்தர் டோக்கனை மேசையில் தட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் வாட்டர் கேன் பக்கத்தில் நின்றுகொண்டு, சர்வீஸ் ஸ்கீம் போஸ்டரை முழுக்கப் படித்துக்கொண்டிருந்தார். ஒரு கட்டத்தைத் தட்டினால் எல்லாம் முடிந்தது. தட்டியிருந்தால், கால் விரலை இழந்த ஒரு குடும்பத்தின் மேல், உங்கள் தப்பு என்று கம்பெனி முத்திரையோடு ஒரு காகிதம் போயிருக்கும். அப்புறம் அவர்கள் எங்கே போனாலும் அந்தக் காகிதம்தான் பேசும்.

இருநூறு எழுத்துக் கட்டத்தில் டைப் செய்தேன். லோடோடு ஏத்தத்தில் பின்வீல் சுற்றுகிறது, முன்வீல் சுற்றவில்லை: சொன்னவர் செல்வராணி. கூடுதல் பட்டையால் பின் பிரேக் வால்வு வேலை செய்யவில்லை. பட்டை ஏற்றச் சொன்னவர் சர்வீஸ் அட்வைசர். என் பெயரைப் போட்டு சேவ் செய்தேன். அந்தக் கட்டத்தில் எழுதி சேவ் செய்தால் அழிக்க முடியாது, அது ஒன்றுதான் அந்த சாஃப்ட்வேரில் நல்ல விஷயம்.

மேனேஜர் என் தோளிலிருந்து கையை எடுத்தார். சாயங்காலத்துக்குள் மெமோ வந்தது. வீரம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். முதல் நாளே டைப் செய்திருக்க வேண்டியதை, ஒரு விரல் போன பிறகு டைப் செய்தேன், அவ்வளவுதான்.

எழுதிவிட்டதால் வேலை நடந்தது. பட்டையைக் கழற்றி, கம்பியை வெட்டி, வால்வை சரியான அளவில் வைத்தோம். அண்ணனிடம் இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருந்தது. இனிமேல் இவ்வளவு லோடு ஏற்ற முடியாது, இரண்டு நடையாகத்தான் கொண்டுபோக வேண்டும். முதல் நடைதான் காலை ஏலத்துக்குச் சேரும். இரண்டாம் நடை போவதற்குள் வியாபாரி பாதிப் பேர் கிளம்பிவிடுவார்கள். அவர் முகம் விழுந்தது. போனில் அக்காவிடம் கேட்டார். அக்கா சொன்னது போனுக்கு வெளியே எனக்கும் கேட்டது. “ரெண்டு நடையே போலாம். இன்னும் வெரலு வெச்சிக்கிட்டு இருக்கறன் பாரு, கொடுக்கறதுக்கு.”

நம் ஷோரூமில் என்ன மாறியது என்று கேட்பீர்கள். ‘கூடுதல் பட்டை பொருத்துவது கண்டிப்பாகத் தடை’ என்று ஒரு போர்டு வைத்தார்கள். நன்றாகப் பாருங்கள், வாட்டர் கேனுக்கு மேலே இருக்கும். சேல்ஸில் இன்றைக்கும் டெலிவரி அன்றே பாலக்கோடு ரோட்டுக்கு வழி சொல்கிறார்கள். போர்டு நம்மைக் காப்பாற்ற வைத்தது, மேட்டில் நிற்கிறவரை அல்ல. அந்தக் கடைக்காரர் கம்பி கட்டுவதை நிறுத்திவிட்டார். எட்டாவது படித்தவர் நிறுத்திவிட்டார்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். பிக்கப் உள்ளே வந்ததும் பின்னால் ஏறிப் பாருங்கள். கிரேட்டுக்கும் கயிற்றுக்கும் நடுவே, டயர் அச்சு பதிந்த கட்டை கிடக்கும். கிடந்தால், இதை யார் போடுகிறார்கள் என்று கேளுங்கள். அந்த ஆள் பெரும்பாலும் கவுண்டருக்கு வர மாட்டார், வெளியே வேப்பமரத்தடியில் நிற்பார். போய் அவரிடம் பேசுங்கள். அவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே டைப் செய்யுங்கள். அதற்கப்புறம் டிரைவரிடம் வாருங்கள். லோடு இல்லாமல், மேடு இல்லாமல் எடுத்த டெஸ்ட் டிரைவை டெஸ்ட் என்று எழுதாதீர்கள். மேனேஜர் கத்துவார். கத்தட்டும், அதற்குத்தான் சம்பளம் வாங்குகிறார்.

வேலை முடிந்த வண்டியை அதே மேட்டில் பார்க்க வேண்டும் என்று நான்தான் கேட்டேன். சனிக்கிழமை காலை. குறைத்த லோடு. நான் கீழே, பக்கவாட்டில். அக்கா வர வேண்டாம் என்று அண்ணன் சொல்லியும் வந்து, என் பக்கத்தில் நின்றாங்க. மேட்டின் தலையில் அண்ணன் நிறுத்தினார். அன்றைக்கு பஸ் வரவில்லை, கரும்பு டிராக்டர் ஒன்று ஆடி ஆடிப் போனது, அதற்குப் பின்னால் இன்னொன்று. பிரேக் லைட் எரிந்துகொண்டே இருந்தது. நான் பின்வீலையே பார்த்தேன். ஒரு பட்டன் ரப்பர்கூட அசையவில்லை. இரண்டு டிராக்டரும் போய், புழுதி அடங்கி, ரோடு காலியான பிறகும் வண்டி அங்கேயே, ஆணி அடித்த மாதிரி நின்றது.

எனக்கு உள்ளே பொங்கியது. பல்லெல்லாம் தெரிய அக்கா பக்கம் திரும்பினேன். ஏதாவது சொல்வாங்க என்று நின்றேன். நன்றி என்று வேண்டாம், நல்லா நிக்குது தம்பி என்றாவது.

அக்கா பின்வீலைப் பார்த்தபடி இருந்தாங்க. சாதாரணமாகத்தான் கேட்டாங்க.

“மொத நாளு நான் சொன்னப்பவே எழுதியிருந்தா, அன்னிக்கே நின்னிருக்கும் இல்ல?”

“ஆமாங்கக்கா.”

தலையை ஆட்டிக்கொண்டாங்க. அப்புறம் நொண்டியபடி மேலே நடந்து, அண்ணன் உள்ளே இருந்தபடியே திறந்து பிடித்திருந்த முன்கதவுப் பக்கம் போனாங்க. ஏற உதவலாம் என்று நான் ஓடிப்போய்க் கையை நீட்டினேன். அக்கா கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தானாகவே ஏறி உட்கார்ந்தாங்க.